உறவில்லாத இரத்தம்

இங்கே நான் எழுதுவனவற்றுள் என் கண்ணால் கண்டதும், என் காதில் விழுந்ததும், பிற்பாடு மருத்துவம் கற்றவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதும் தவிர வேறெதுவும் இராது. இதை எவரும் அடக்கம் என்று பாராட்ட வேண்டியதில்லை. அருவருப்பினால் எடுத்த முடிவு இது. என் கருப்பைக்குள் நிகழ்ந்ததைப் பற்றி மூன்றாண்டுக் காலம் என்னைச் சூழ்ந்திருந்த எல்லோரும் சிறிதும் ஐயமின்றிப் பேசினார்கள். உறவினர் பேசினர், அண்டை வீட்டார் பேசினர், கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மருத்துவரும் பேசினார். ஒருவருக்கேனும் தயக்கம் வரவில்லை. அத்தனை உறுதியைக் கேட்டுக் கேட்டு, இன்றைக்கும் யாராவது ஒரு செய்தியை அடித்துச் சொன்னால் எனக்குக் குமட்டுகிறது. அந்தக் குற்றத்தை நானும் எழுத்தில் செய்ய விரும்பவில்லை. என் நினைவும் என் கணவரின் நினைவும் முரண்பட்ட இடங்களை நீக்கிவிட்டேன். என் எதிரே பேசப்படாத பேச்சையும் தள்ளிவிட்டேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மலைமேல் செம்மேட்டுப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். அடுத்த ஆண்டு என் தாய்மாமன் மகனை மணந்தேன். அவர் மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டிக்கு அருகே சொந்த நிலத்தில் வெங்காயமும் மரவள்ளியும் பயிரிட்டு வந்தார். வேலை நாட்களில் நான் மேலே ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். வெள்ளி மாலை பேருந்தில் கீழே இறங்கி, திங்கள் விடியலில் அடிவாரத்துக் காரவள்ளி வழியாக மேலே ஏறினேன். மாமன் வீடே புகுந்த வீடானதால் எனக்கு அங்கே எதுவும் புதிதாக இல்லை. சிறு வயதில் எனக்குச் சோறு ஊட்டிய அத்தையே மாமியார் ஆனார். இவ்வளவு நெருங்கிய உறவுக்குள் ஒரு பெண்ணின் மாதவிலக்குக்கூட எத்தனை பேருக்குச் சொந்தமான செய்தி என்பதை நான் மணத்துக்குப் பிறகுதான் அறிந்தேன்.

முதல் கரு நாள் தள்ளிப்போய்ச் சில வாரங்களிலேயே கலைந்தது. இரண்டாவதும் மறு ஆண்டில் அப்படியே போயிற்று. இரண்டு முறையும் ஒரே ஒழுங்கு. முதலில் மசக்கை வந்தது. சோற்றுக் கஞ்சியின் மணம் கூடத் தாங்கவில்லை. பிறகு ஒரு காலை அந்தக் குமட்டல் திடீரென்று நின்றது. உடம்பு இலேசாகிவிட்டதே என்று முதல் முறை மகிழ்ந்தேன். இரண்டு நாளில் இரத்தம் கண்டது. இரண்டாம் முறை குமட்டல் நின்ற காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் முறை குற்றவாளி பேருந்து.

"எழுபது வளைவுல குலுங்கிக் குலுங்கி ஏறி எறங்குனா எது கண்ணு நிக்கும்? பால்குடத்த வெச்சாலே திரிஞ்சு போவும்" என்றார் அத்தை.

இரண்டாம் முறை நான் பேருந்தில் ஏறவே இல்லை, மலைமேலேயே இருந்துவிட்டேன். ஆகவே குற்றம் அன்னாசிப்பழத்தின் மேல் ஏறியது. மலையில் அன்னாசி விளையாத சரிவு அரிது. நான் அந்த நாட்களில் ஒரு துண்டும் தின்றதில்லை என்று சொன்னேன்.

"திங்கோணும்னு என்ன கண்ணு? அந்தத் தோட்டத்துக்கு நடுவுல குடியிருந்தாப் போதாதா? மூச்சுக் காத்துலயே சூடு ஏறிக்கும்."

துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, நான் பக்கத்தில் இருக்கும்போதே என் அத்தையிடம், "படிச்ச உடம்புங்க அக்கா, உள்ள இறுகிப் போயிருக்கும்" என்றாள். கையில் நான் கொடுத்த காப்பி இருந்தது. ஆற்றி, பாலாடையை விரலால் வழித்துச் சுவரில் தடவிவிட்டுக் குடித்தாள்.

மூன்றாவது கரு ஒன்று தங்கியே தீர வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். அது என் விருப்பமும்தான். அதை மறைக்க மாட்டேன். அவர்களைவிட அதிகமாக நானே விரும்பினேன். அதனால்தான் சேலத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகச் சம்மதித்தேன். வழியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் கழிவு நீர் ஓடையாய்த் தேங்கி நிற்கும் இடங்கள் உண்டு. மரவள்ளி அழுகிப் புளித்த அந்த நாற்றம் பேருந்தின் சாத்திய சன்னல்களுக்குள்ளும் நுழையும். இன்றைக்கும் அந்த மருத்துவமனையை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த நாற்றம்தான்.

மருத்துவர் நடுத்தர வயதினர். மேசைமேல் சாந்தில் செய்த கருப்பை மாதிரி ஒன்று. அதன் குழிக்குள் பேனா மூடிகள். சுவர் முழுதும் வெளிநாட்டுக் குழந்தைகளின் படங்கள். எங்கள் இருவர் இரத்தத்தையும் முந்திய முறை எடுத்திருந்தார்கள். முடிவுத் தாள்களை அவர் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டாமலே மடித்து வைத்தார்.

"நீங்க டீச்சர், சொன்னாப் புரிஞ்சுக்குவீங்க. கருவுல பாதி உங்களோடது, பாதி அவரோடது. அந்த அவரோட பாதி உங்க உடம்புக்கு அந்நியம். நம்ம உடம்புக்குள்ள ஒரு ஆர்மி இருக்கு. அந்நியமா எது நுழைஞ்சாலும் சுட்டுத் தள்ளும். ஆனா கருவைப் பாத்தா மட்டும், 'இது எதிரி இல்லை, விட்டுடு'ன்னு உள்ள ஒரு சிக்னல் போகணும். உங்களுக்கு அந்த சிக்னல் போகலை."

"ஏனுங்க போகல?" என்றார் என் கணவர்.

"சொந்தத்துல கட்டிருக்கீங்க. ரெண்டு பேர் ரத்தமும் ரொம்ப ஒத்துப் போகுது. வந்திருக்கிறது வேற ஆளுன்னு உடம்புக்கு அடையாளமே தெரியலை. அடையாளம் தெரிஞ்சாத்தானே சிக்னல் போகும்? போகலைன்னா கில்லர் செல் எல்லாம் கிளம்பிடும்."

அதற்கு அவர் சொன்ன மருத்துவம் இது. ஓர் ஆணின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, என் முன்கையின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவது. அயல் அணுக்களைக் கண்டு என் உடம்பு பழகும். பழகிய பின் தங்கும் கருவை அடையாளம் கண்டு காக்கும்.

"வழக்கமா புருஷனோட அணுவைத்தான் போடுவோம். உங்க கேஸ்ல அது வேலைக்கே ஆகாது. சொந்தமே இல்லாத ஒரு ஆம்பளையைக் கூட்டிட்டு வாங்க."

"சொந்தமே இல்லாத ஆளுங்களா?"

"ஆமா சார். அதுதான் இதுல முக்கியம். சொந்தக்காரங்களா இருந்தாப் போட்டுப் பிரயோசனமே இல்லை."

எனக்கு அவருடைய உவமைகள் பிடிக்கவில்லை. கருப்பையைப் போர்க்களம் என்றும், அதற்குள் வருவதைப் பகைவன் என்றும் பேசுபவருக்குச் சொல்லின்மேல் மதிப்பில்லை. சொல்லின்மேல் மதிப்பில்லாதவரின் கையிலுள்ள ஊசியை நம்பலாமா என்று அப்போதே தோன்றியது. தோன்றியதை விழுங்கிவிட்டு எழுந்தேன். அவர் சொன்ன காரணச் சங்கிலியில் ஒரு கண்ணியும் அறுந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தைக்காக ஓர் அயலானின் வெள்ளணுக்களைக் கையில் ஏற்றிக்கொள்வது எனக்குப் பெரிய செய்தியாகவும் படவில்லை.

வீட்டாருக்கு அது பெரிய செய்தி.

அடுத்த ஞாயிறன்று களத்தில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அழுகலைப் பொறுக்கிக் குவித்திருந்தார்கள். அதன் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் என் மாமனாரும் அவருடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள்; இருவரையும் நான் மாமா என்றே அழைப்பேன். என் கணவர் கட்டைச்சுவர்மேல் இருந்தார். அத்தை அழுகல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். நான் காப்பி கொண்டு போய்க் கொடுத்தேன். நான் இருக்கிறேன் என்பதனால் அவர்கள் பேச்சில் ஒரு சொல்கூடக் குறையவில்லை.

"அதென்னடா சொந்தமில்லாத ஆளு? வேத்துச் சனத்து ரத்தத்தை உள்ள உட்டுப் பெத்தா அது எந்தக் கூட்டத்துப் புள்ளை?" என்றார் பெரிய மாமா. கூட்டம் என்பது எங்கள் சனத்தில் தந்தைவழிக் குலம்.

"ரத்தம் புள்ளைக்குப் போவாதுங்க பெரீப்பா. கையில ஊசி போடறதோட சரி" என்றார் என் கணவர்.

"கையில போட்டா கையிலயேவா இருக்கும்? உடம்பெல்லாம் ஒரே ஓட்டந்தானே?"

மாமனார் அண்ணனை அமைதிப்படுத்தும் முறையில் சொன்னார்: "அப்ப நம்ம சனத்துலயே பாத்துக்கலாமுங்க அண்ணா. மருமக பக்கத்துல ஒரு பையனைக் கேப்போம்."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்தப் புள்ளை பக்கத்துப் பங்காளின்னா அவளுக்கு அண்ணன் தம்பி முறையாவுது. அண்ணன் ரத்தத்துலயா புள்ளை உண்டாவோணும்? வாயைக் கழுவு."

"சரிங்க. நம்ம பக்கத்துப் பங்காளின்னா?"

பெரிய மாமா யோசித்தார். காப்பியை ஓசை எழ உறிஞ்சினார். "கொழுந்தன் முறை" என்றார் பிறகு. "கொழுந்தன்னா முறை தப்பாது. கூட்டமும் மாறாது. கோயிலும் ஒண்ணு."

"டாக்டரு சொந்தமே கூடாதுன்னாருங்களே" என்றார் என் கணவர்.

"நீ போய்ச் சொந்தம்னு சொல்லுவியா? சிநேகிதன்னு சொல்லு. ரத்தத்துல என்ன கொலமா எழுதியிருக்குது?"

தாம் எதிர்த்த காரணமும் தாம் சொன்ன வழியும் ஒன்றையொன்று தின்றதை அவர் கவனிக்கவில்லை. கூட்டம் கெடும் என்று அஞ்சும்போது இரத்தத்தில் எல்லாம் எழுதியிருந்தது; மருத்துவரை ஏய்க்கும்போது எதுவும் எழுதியிருக்கவில்லை. மற்ற மூவரும் தலையாட்டினார்கள். என் உடம்புக்குள் எந்த ஆணின் அணு நுழையலாம் என்பதை, ஒரு திருமணப் பேச்சின் முறைமை வழுவாமல், வெங்காய அழுகல் நாற்றத்தின் நடுவே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு வாயில் நீர் ஊறிக் குமட்டியது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, நாள் ஏதும் தள்ளிப் போச்சா?" என்று ஆசையோடு கேட்டார். அதையும் தாங்கிக்கொண்டேன்.

மலையில் என் வீட்டு உரிமையாளர் மனைவியிடம் இதை ஒளிக்க முடியவில்லை. மிளகும் மரவள்ளியும் பயிரிடும் மலைக் குடும்பம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். சேலத்துக்குப் போக விடுப்பு எடுத்ததன் காரணத்தைத் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க டீச்சரம்மா, சொந்தமில்லாத ஆம்பளைதானே வேணும்? எங்கூட்டுக்காரரை இழுத்துட்டுப் போங்க. ஒரு சொம்பு எடுத்துக்கோங்க. கொஞ்சம் வீரியம் கொறைஞ்சா எனக்கும் நிம்மதி."

மூன்றாண்டில் இந்தப் பொருளைப் பற்றி என்னைச் சிரிக்க வைத்த பேச்சு அது ஒன்றுதான். அதை நான் என் கணவரிடம் சொல்ல, அவர் கள்ளமில்லாமல் தம் வீட்டில் சொல்லிவிட்டார். மறு வாரம் அத்தை எனக்குத் தனியே ஒரு தண்ணீர்க் குவளை வைத்திருந்தார். மலையில் யார் வீட்டில் என்ன வாங்கிக் குடிக்கிறேனோ என்ற ஐயம். நான் அந்தக் குவளையைத் தொடாமல் கிணற்றடியில் கையால் அள்ளிக் குடித்தேன்.

குறித்த நாளில் சேலம் போனோம். நான், என் கணவர், வீட்டார் தேர்ந்தெடுத்த பங்காளி. அவன் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி. வாடகை டெம்போ ஓட்டுபவன். பேருந்தில் பின்னிருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்து, வெற்றிலை மணக்க என் தோளருகே சொன்னான்: "இனிமே அண்ணி நம்மளைத் திட்ட முடியாதுங்க. நம்ம ரத்தமுல்ல ஓடப் போவுது?"

என் கணவர், "சும்மா வாடா" என்றார். குரலில் சினம் இருந்தது. போதிய அளவு இல்லை.

காலையில் அவனிடம் இரத்தம் எடுத்தார்கள். செவிலிப்பெண், "இவங்களுக்கு என்ன வேணும் நீங்க?" என்று கேட்டாள். "சிநேகிதனுங்க" என்றான். அவ்வளவுதான் விசாரணை. அவனுக்கு நோய் உண்டா, மருந்து உண்டா, குடி உண்டா என்று என் முன்னிலையில் எவரும் கேட்கவில்லை. அணுக்களைப் பிரிக்கச் சில மணி நேரம் ஆகும் என்றார்கள். கூடத்தில் காத்திருந்தோம். எங்களைப் போலவே வேறு சில இணைகளும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் எல்லோரும் சுவரிலிருந்த அந்நியக் குழந்தைகளைப் பார்த்தார்கள். பங்காளி பஞ்சு ஒட்டிய கையை மடக்கி உட்கார்ந்து, இளநீர் வாங்கித் தரும்படி என் கணவரை இரண்டு முறை எழுப்பினான்.

பிற்பகலில் என்னையும் என் கணவரையும் உள்ளே அழைத்தார்கள். அவனும் ஏனென்று தெரியாமல் கூடவே வந்தான். தட்டில் ஊசிக் குழல். அதனுள்ளே கலங்கிய வெளிர்நீர், அரிசி களைந்த தண்ணீர் போல. மருத்துவர் என் முன்கையில் நான்கைந்து இடம் தொட்டுப் பார்த்தார். செவிலிப்பெண் பஞ்சால் துடைத்தாள். ஈரம் காயும் அந்தச் சில நொடிகளில் எனக்கு ஒன்று புரிந்தது. மருத்துவர் சொன்னது உண்மையானால் இந்த ஊசியால் பயனில்லை. அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் பேசாமல் இருந்தால், எனக்கு இன்னும் வராத குழந்தையின்மேல் ஒரு பொய்யைச் செலுத்தச் சம்மதிக்கிறேன்.

"டாக்டர், இவர் எங்களுக்குச் சொந்தம். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி" என்றேன்.

என் கணவர் தலை குனிந்தார். பங்காளி, "அண்ணி!" என்றான்.

மருத்துவர் கையை எடுக்கவில்லை. ஊசியையும் கீழே வைக்கவில்லை. "பரவாயில்லை மேடம். அதுவும் வேலை செய்யும்" என்றார்.

"சொந்தம்னாப் பிரயோசனமே இல்லைன்னு சொன்னீங்களே?"

"அது ஜெனரலா சொல்றது. கையை நீட்டுங்க."

என்னை வெகுண்டு திட்டியிருந்தால், ஏமாற்றிவிட்டீர்கள் என்று துரத்தியிருந்தால், அவர்பால் எனக்கு மதிப்புப் பிறந்திருக்கும். வேறோர் ஆளைத் தேடிக்கொண்டு மறுபடியும் அவரிடமே போயிருப்பேன். அவரோ தம் கொள்கையைத் தாமே ஒரு நொடியில் துடைத்தெறிந்தார். புருஷன் அணு உதவாது. பங்காளி அணு உதவும். கேட்டால் எதுவும் உதவும். என் முன்கையைப் பற்றியிருந்த அவர் விரல்களில் கையுறைத் தூளின் மணம் வந்தது. சுவரோரம் கழுவாத தட்டு ஒன்றில் முந்தியவளின் பஞ்சுகள் கிடந்தன. கையை இழுத்துக்கொண்டேன். ரவிக்கைக் கையை இறக்கிவிட்டு வெளியே நடந்தேன்.

பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். அங்கே பங்காளி பேச்சைத் தொடங்கினான். "ஏனுங்கண்ணா, எடுத்த ரத்தத்தைத் திருப்பி ஏத்துவாங்களா?"

"மாட்டாங்கடா."

"அப்ப வீணாப் போன மாதிரிதானுங்களா?"

"ஆமாடா."

"ஒரு பிரியாணியாச்சும் வாங்கிக் குடுங்க."

என் கணவர் வாங்கிக் கொடுத்தார். அவன் தின்று முடிக்கும் வரை நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அப்போது என் கணவர் என்னிடம் தாழ்ந்த குரலில், "நீ சொன்னது சரிதான் கண்ணு. ஆனா இனி என்ன பண்றது?" என்றார்.

வீட்டில் அத்தை அழுதார். பிறகு, அழுகையைக் காட்டிலும் கொடியதாக ஒன்று செய்தார். மருத்துவர் பேச்சிலிருந்து ஒரே ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். என் எதிரிலேயே வருவோர் போவோரிடமெல்லாம், "இவ உடம்புக்குள்ள கொல்ற அணு இருக்குதாமுங்க. வர்ற புள்ளையை அதுவே தின்னு போடுதாம். ஊசி போட்டுச் சரி பண்றேன்னாங்க, இவ கைய நீட்டலை" என்று சொன்னார். என்னைக் கண்டதும் மடியிலிருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்ட பெண்ணை நான் பார்த்தேன்.

மலையிலிருந்த அரசு மருத்துவமனைக்கு அந்த ஆண்டு ஓர் இளம் பெண் மருத்துவர் வந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அழைத்துப் போவேன், அப்படிப் பழக்கம். ஒரு நாள் நோயாளர் கலைந்த பின், கொல்லும் அணு என்று ஒன்று உண்டா என்று கேட்டேன்.

"உண்டுங்க டீச்சர். பேர்தான் அப்படி. ரத்தத்துல இருக்கிற அதோட சாதிங்க, கெட்டுப்போன செல்லைக் கொல்லும். அதை வெச்சுப் பேர் வெச்சுட்டாங்க. கருப்பைச் சுவருல இருக்கிறது வேற மாதிரி நடந்துக்குது. கரு வந்து பதியுற சமயத்துல அங்கதான் அது நிறைய வந்து கூடும். கருவைத் தின்ன இல்லை. ரத்தக் குழாயை அகலமாக்க அதுவும் உதவுதுன்னு நினைக்கிறாங்க."

அவர் மேசைமேல் விரலால் கோடு வரைந்தபடியே பேசினார். கரு சுவரைத் தொடும்போது அங்கே ஒரு சிறு புண் ஆறுவது போன்ற வேலை நடக்கிறது. முதலில் கொஞ்சம் அழற்சி, பிறகு அது அடங்க வேண்டும். தாயின் எதிர்ப்பணுக்கள் ஒன்றுக்கொன்று வேதிச் செய்தி அனுப்புகின்றன, கருவும் அனுப்புகிறது. உடம்பு வந்ததைக் கவனிக்கவும் வேண்டும், விரட்டாமல் இருக்கவும் வேண்டும்.

"அப்ப என் உடம்புல அந்தச் செய்திதான் போகலையா?"

"தெரியாதுங்க."

"சேலத்துல ரத்தத்தை டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்களே?"

"கையில எடுத்த ரத்தத்தைப் பாத்துக் கருப்பைச் சுவருல என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியாது. ரத்தம் ஒத்துப்போனா சிக்னல் போகாதுங்கிறது ஒரு காலத்துல சிலர் சொன்ன கருத்து. உறுதியாகலை. அந்த ஊசி வேலை செய்யுதுன்னும் உறுதியாகலை. சொந்தத்துல கட்டி வரிசையாப் பெத்தவங்க உங்க ஊர்லயே எத்தனை பேர்?"

"அப்ப ஏன் கலைஞ்சுது?"

"ஆரம்பத்துல கலையுறதுல நிறையக் கருவுலயே ஏதோ கோளாறாலதான் கலையுது. உங்களோடது அப்படியான்னு கேட்டா, அதுவும் எனக்குத் தெரியாது."

தெரியாது என்னும் சொல்லை இரண்டு முறை சொன்ன முதல் மனிதர் அவர். சர்க்கரை பார்த்தார், தைராய்டு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டிலும் குறை இல்லை. ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார். அதற்கு மேல் தம்மிடம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். சேலத்து வழி நாற்றம் பிடித்ததிலிருந்து முதன்முறையாக நான் நன்றாக மூச்சு விட்டேன்.

அடுத்த ஆண்டு மீண்டும் நாள் தள்ளிப் போனது. மசக்கை வந்தது, முன்னைக் காட்டிலும் கொடுமையாக வந்தது. சோறு, எண்ணெய், சுண்ணக்கட்டித் தூள், பிள்ளைகளின் தலையெண்ணெய், என் கணவரின் சட்டை, எல்லாமே நாறின. நான் அவ்வளவையும் பொன்போலப் போற்றினேன். குமட்டல் நின்றால் கரு போயிற்று என்று பொருள். முந்திய இரண்டு முறை கண்ட ஒழுங்கு அதுவே. மருத்துவரிடம் சொன்னேன். குமட்டலை நம்பி எதுவும் முடிவு செய்ய வேண்டாம், நல்ல கருவிலும் அது ஏறி இறங்கும் என்றார். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஆயினும் அதன்படி நடக்க இயலவில்லை.

செம்மேட்டுப் பேருந்து நிலையத்தின் பின்புறம், சந்தை முடிந்த மறுநாள், விற்காத அன்னாசியும் பலாச் சக்கையும் கொட்டிக் கிடக்கும். மழை பெய்தால் அது நுரைத்துப் புளிக்கும். ஈ கருமையாய் மொய்க்கும். சாதாரண நாளிலேயே மூக்கைப் பொத்தாமல் அங்கே நடக்க முடியாது. ஒரு காலை எழுந்தபோது எனக்குக் குமட்டல் இல்லை. கஞ்சியை முகர்ந்தேன், ஒன்றுமில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் கால்கள் தாமே அந்தக் குப்பைமேட்டுக்குத் திரும்பின. அதன் விளிம்பில் நின்று, மூக்கைத் திறந்து, ஆழமாக இழுத்தேன். ஒன்றுமில்லை. குனிந்து பலாச் சக்கைக்கு நேர் மேலே முகத்தை வைத்து மறுபடியும் இழுத்தேன்.

அப்போது வந்தது. குடலே வெளியே வருவது போல வந்தது. புடவை நனைந்தது. மண்டியிட்டு, ஈக்களின் நடுவே, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்த கையோடு அழுதேன்.

பேருந்துக்கு நின்ற கூட்டத்திலிருந்து என் வீட்டு உரிமையாளர் மனைவி ஓடி வந்தாள். "அய்யோ, இங்க எதுக்கு வந்தீங்க டீச்சரம்மா? வேற எடமே கெடைக்கலீங்களா?"

"குமட்டுதான்னு பாக்க வந்தேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சவங்க இப்பிடித்தான் பாப்பீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு, தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகு சந்தை மறுநாள்தோறும் காலையில் என் கதவைத் தட்டி, "குப்பைக்குப் போவோங்களா?" என்று கேலி செய்வாள். கேலி செய்துவிட்டுக் கூடவே வருவாள். நான்காம் மாதம் வரை அது நடந்தது.

மகள் பிறந்தாள். உரிய எடை, உரத்த அழுகை.

அவளைத் தொட்டிலில் இட்ட அன்று வெங்காயக் களத்தில் பந்தல். அத்தை, தாம் நேர்ந்துகொண்ட பொங்கலால் பிள்ளை தங்கியது என்றார். பெரிய மாமா, மருமகள் கடைசியில் மூன்று மாதம் கீழே வந்து இருந்ததால் தங்கியது என்றார். நான் கீழே வந்தது எட்டாம் மாதத்தில். பங்காளி பாயசத்தை நக்கியபடியே எல்லோருக்கும் கேட்க, "யாரு ரத்தம்ங்க! நம்ம ரத்தமுல்ல!" என்றான். சிரித்தார்கள். ஊசி போடவே இல்லை என்பது அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும், அவர்களும் சிரித்தார்கள். நான் பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் கணவர் அவனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவன் அதற்குப் பின் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது நிறையும் முன் மலைக்குத் திரும்பினேன். ஒரு திங்கள் காலை காரவள்ளியில் பேருந்துக்குக் காத்து உட்கார்ந்திருந்தபோது, அறிமுகமில்லாத இளம்பெண் ஒருத்தி அருகே வந்தாள். மேலே ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவளாம். மடியில் கிடந்த என் மகளை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க பள்ளிக்கூடத்து டீச்சருதானுங்களே? சேலத்துல ஊசி போட்டுத்தான் உங்களுக்குப் புள்ளை நின்னுச்சாமுங்க? நாங்களும் போலாம்னு இருக்கோம். எனக்கு மூணு போயிருச்சுங்க."

"நான் ஊசி போட்டுக்கலம்மா. போடாமத்தான் வந்தேன்."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவாங்கன்னு எங்க மாமியாரு சொன்னாங்க."

"சாமி சத்தியமாப் போடல கண்ணு. மேல கவுர்மெண்ட் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா இருக்காங்க. மொதல்ல அவங்களைப் போய்ப் பாரு."

அவள் என் முன்கையைப் பார்த்தாள். ஊசித் தழும்பைத் தேடினாள் என்று எண்ணுகிறேன். ரவிக்கைக் கையைச் சுருட்டி இரண்டு கைகளையும் காட்டினேன். தழும்பு இல்லை. அதையும் அவள் நம்பவில்லை. புன்னகை செய்து, பிள்ளையின் காலைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கீழே போகும் பேருந்தில் ஏறிவிட்டாள். அந்தச் செய்தியை அவள் வரை கொண்டுபோனவர் யார் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு உடம்பு கூசியது.

அதன் பின் அந்த ஊசியைப் பற்றி வேறு இரண்டு மருத்துவர்களிடம் கேட்டிருக்கிறேன். அதனால் நன்மை உண்டென்று உறுதிப்படவில்லை என்றே இருவரும் சொன்னார்கள்.

எனக்குத் தெரியாதவை இவை. முதல் இரண்டு கருக்களும் ஏன் கலைந்தன என்பது தெரியாது. மூன்றாவது ஏன் தங்கியது என்பதும் தெரியாது. என் உடம்பு அந்த மூன்றுக்கும் என்ன செய்தி அனுப்பியது, அவை என்ன விடை அனுப்பின என்பதை அறிய அன்று வழி இருக்கவில்லை, இனியும் இல்லை. காரவள்ளியில் கீழ்ப் பேருந்து ஏறிய அந்தப் பெண் சேலத்துக்குப் போனாளா, கையை நீட்டினாளா, அவளுக்குப் பிள்ளை தங்கியதா என்பதும் தெரியாது.